வீட்டு வைஃபையில் ஃபைல் ஷேரிங்: உங்கள் ஃபோல்டரை யார் யார் திறக்கலாம்? பாதுகாப்பாக செட் செய்வது எப்படி? முழு விவரம்

வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு லேப்டாப், ஆபீஸ் வேலைக்கு இன்னொரு லேப்டாப். இன்று பல வீடுகளில் இதுதான் நிலைமை. மூன்றும் இருப்பது ஒரே வைஃபையில்தான். ஆனாலும், ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல் இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றால் பென் டிரைவைத் தேடுகிறோம். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்கிறோம்.

இதற்கு தனியாக எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் என எல்லா கம்ப்யூட்டர்களிலும் 'ஃபைல் ஷேரிங்' வசதி இருக்கிறது. ஒரு ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டால், வீட்டில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்து நேரடியாகத் திறக்கலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? 'வேலை நடந்தா போதும்' என்று பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, 'எல்லோருக்கும் அனுமதி' என்று கொடுத்துவிடும்போதுதான். அந்த ஃபோல்டரில் இருப்பது ஆதார் நகல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள், கடையின் வரவு செலவுக் கணக்கு என எதுவாகவும் இருக்கலாம். அதைப் பாதுகாப்பாக ஷேர் செய்வது எப்படி? படிப்படியாகப் பார்க்கலாம்.

ஃபைல் ஷேரிங்கில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் "இந்த ஃபைலைக் கொடு" என்று கேட்பதற்கு ஒரு பொதுவான மொழி வேண்டும். அந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. 'சர்வர் மெசேஜ் பிளாக்' என்பதன் சுருக்கம் இது. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் இதை உருவாக்கினார். பின்னர் மைக்ரோசாஃப்ட் இதை எடுத்து வளர்த்து விண்டோஸில் சேர்த்தது.

1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 'சாம்பா' என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கம்ப்யூட்டர்களும் விண்டோஸும் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள முடிவது இதனால்தான். ஆப்பிளும் 2013-ல் வெளியிட்ட மேவரிக்ஸ் பதிப்பில் இருந்து எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பையே மேக்கின் முதன்மை ஷேரிங் முறையாக ஆக்கியது. ஆக, இன்று எந்த கம்ப்யூட்டராக இருந்தாலும் ஃபைல் ஷேரிங் என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிதான்.

ஒரு கம்ப்யூட்டருக்குப் பல 'போர்ட்டுகள்' உண்டு. வீட்டுக்கு வாசல்கள் இருப்பது போல. எஸ்எம்பி பயன்படுத்தும் வாசலின் எண் 445. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்து வருகிறது.

2017-ல் உலகமே திணறியது இந்த வாசலால்தான்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் திரைகளில் ஒரு சிவப்புப் பெட்டி தோன்றியது. "உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தால் திறந்துவிடுகிறோம்" என்பதுதான் அதன் சாரம். அதன் பெயர் 'வான்னாக்ரை'.

150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகின. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிப்புக்கு உள்ளானது. ஆந்திராவில் போலீசாரின் சில கம்ப்யூட்டர்களும் முடங்கின.

இந்த வைரஸ் பரவ யாரும் எந்த லிங்க்கையும் க்ளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு நெட்வொர்க்கில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் போதும். 445 என்ற வாசல் திறந்திருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களைத் தானாகவே தேடிப் பிடித்தது. எஸ்எம்பியின் மிகப் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்திக்கொண்டது.

இதில் வேதனையான விஷயம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட 2 மாதம் இடைவெளி இருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் இளைஞர், அந்த வைரஸ் தொடர்புகொள்ளத் தேடிய ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்ததால்தான் அதன் வேகம் அடங்கியது.

இதிலிருந்து வீட்டுக்கான பாடம் இரண்டு. ஒன்று, அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு, பழைய எஸ்எம்பி முதல் பதிப்பை மறுபடி இயக்கக் கூடாது.

முதல் படி: ரவுட்டரைச் சரி செய்யுங்கள்

ஃபோல்டருக்குப் பூட்டு போடுவதற்கு முன்னால் வெளி கேட்டைப் பூட்ட வேண்டும். வீட்டு நெட்வொர்க்கின் வெளி கேட், ரவுட்டர்தான்.

பல வீடுகளில் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டுதான் இன்னும் இருக்கும். அது பெரும்பாலும் வீட்டுக்காரரின் செல்போன் எண்ணாகவே இருக்கும். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த எண் எப்படி ரகசியமாக இருக்க முடியும்? உடனே மாற்றுங்கள். நீளமான பாஸ்வேர்டுதான் வலுவானது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைய வேறொரு பாஸ்வேர்ட் உண்டு. அது பெரும்பாலும் 'அட்மின்' என்றே இருக்கும். அதையும் மாற்ற வேண்டும். அப்படியே கீழே உள்ளவற்றையும் பார்த்துவிடுங்கள்:

• வைஃபை பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' ஆக இருக்க வேண்டும். 'டபிள்யூஇபி' அல்லது 'ஓப்பன்' என்று இருந்தால் ஆபத்து.
• பட்டனை அழுத்தினாலே இணையும் 'டபிள்யூபிஎஸ்' வசதியை அணைத்துவிடுங்கள்.
• ரவுட்டரின் மென்பொருளுக்கு அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள்.
• 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் இயக்குங்கள். விருந்தாளிகளின் போன், ஸ்மார்ட் டிவி, சிசிடிவி கேமரா ஆகியவற்றை அதில் விடுங்கள். கம்ப்யூட்டர்கள் மட்டும் முதன்மை வைஃபையில் இருக்கட்டும்.

ஹவுஸ் ஓனர் வைஃபையைப் பயன்படுத்துபவரா நீங்கள்?

மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், ஒரே வைஃபை. செலவைப் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள் ஏராளம். பிஜி, ஹாஸ்டல்களிலும் இதே கதைதான்.

அது வீட்டுக்குள் இருக்கும் வைஃபை என்றாலும், உங்கள் சொந்த நெட்வொர்க் அல்ல. அடுத்த போர்ஷனில் இருப்பவரின் லேப்டாப்பில் வைரஸ் இருந்தால், அது உங்கள் கம்ப்யூட்டரின் வாசலையும் தட்டும். இப்படிப்பட்ட இடங்களில் ஃபைல் ஷேரிங்கை அணைத்து வைப்பதே நல்லது. கட்டாயம் வேண்டும் என்றால், சின்னதாக ஒரு சொந்த ரவுட்டர் வாங்கி, பொது இணைப்பில் இருந்து கேபிள் எடுத்து, உங்கள் சாதனங்களை மட்டும் அதில் இணைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி: பிரைவேட்டா, பப்ளிக்கா?

விண்டோஸ் ஒவ்வொரு வைஃபையையும் 'பிரைவேட்' அல்லது 'பப்ளிக்' என்று பிரித்து வைத்திருக்கும். 'பப்ளிக்' என்றால் மற்ற கம்ப்யூட்டர்களின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். 'பிரைவேட்' என்றால் மற்றவர்களுக்குத் தெரியும், ஷேரிங்கும் நடக்கும்.

விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்' சென்று 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியைத் திறந்து, உங்கள் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் 'பிரைவேட்' என்று தேர்வு செய்யுங்கள். ரயில் நிலையம், காபி ஷாப், ஆபீஸ், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் 'பப்ளிக்'தான்.

அடுத்து அதே 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'. இங்கே நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்:

• பிரைவேட் நெட்வொர்க்கில் 'நெட்வொர்க் டிஸ்கவரி' ஆன்.
• பிரைவேட் நெட்வொர்க்கில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' ஆன். பப்ளிக்கில் இரண்டுமே ஆஃப்.
• 'பப்ளிக் ஃபோல்டர் ஷேரிங்' ஆஃப்.
• 'பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்' கட்டாயம் ஆன்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 'பாஸ்வேர்ட் கேட்டுத் தொல்லை பண்ணுது' என்று இதை அணைத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் இணையத்தில் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் வைஃபைக்குள் வரும் யாரும் பாஸ்வேர்ட் இல்லாமலே ஷேர் ஃபோல்டரைத் திறக்க வழி ஏற்படும். தொல்லைக்குத் தீர்வு அதுவல்ல, அடுத்த படிதான்.

மூன்றாவது படி: ஷேரிங்குக்கு என்று தனி யூசர்

இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து ஃபோல்டரைத் திறக்கும்போது, எந்த கம்ப்யூட்டரில் ஃபோல்டர் இருக்கிறதோ அந்த கம்ப்யூட்டரின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பலர் இங்கே தினமும் லாகின் செய்யும் 4 இலக்க பின் எண்ணைப் போட்டுப் பார்த்து, 'தவறு' என்று வருவதால் வெறுத்துப்போகிறார்கள்.

பின் எண் அந்த கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து லாகின் செய்வதற்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத யூசர் அக்கவுண்டையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக அனுமதிப்பதில்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் பாஸ்வேர்டை மற்ற கம்ப்யூட்டர்களில் சேமித்து வைப்பதும் சரியான யோசனை இல்லை. உங்கள் மெயிலும் அதில்தானே இருக்கிறது!

எனவே, ஷேரிங்குக்கு என்றே ஒரு யூசரை உருவாக்கிவிடுங்கள். 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்' சென்று 'ஆட் அக்கவுண்ட்' கொடுங்கள். மெயில் முகவரி கேட்கும் இடத்தில், இந்த நபரின் லாகின் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் உள்ள லிங்க்கை க்ளிக் செய்து, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் யூசரைச் சேர்ப்பதற்கான வரியைத் தேர்வு செய்யுங்கள். பெயர் 'குடும்பம்' என்ற பொருளில் எளிமையாக, ஆங்கில எழுத்துகளில் இருக்கட்டும். பாஸ்வேர்ட் வலுவாக இருக்கட்டும். இந்த யூசருக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமை கொடுக்காதீர்கள். 'ஸ்டாண்டர்டு யூசர்' போதும்.

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. நாளைக்கு இந்த பாஸ்வேர்ட் வெளியே போனாலும், போவது அந்த ஒரு ஃபோல்டர் மட்டும்தான். உங்கள் மெயிலோ, முழு கம்ப்யூட்டரோ அல்ல.

நான்காவது படி: ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள்

டெஸ்க்டாப்பையோ, 'டாகுமென்ட்ஸ்' முழுவதையுமோ ஷேர் செய்ய வேண்டாம். முழு டிரைவை ஷேர் செய்வது அதைவிட மோசம். டி டிரைவில் அல்லது சி டிரைவில் நேரடியாக ஒரு புது ஃபோல்டரை உருவாக்கி, பகிர வேண்டியவற்றை மட்டும் அதில் போடுங்கள்.

அந்த ஃபோல்டரின் மேல் ரைட் க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' செல்லுங்கள். 'ஷேரிங்' என்ற பகுதியில் 'அட்வான்ஸ்டு ஷேரிங்' கொடுத்து, 'ஷேர் திஸ் ஃபோல்டர்' என்பதை டிக் செய்யுங்கள். இப்போது 'பெர்மிஷன்ஸ்' பட்டனை அழுத்தினால், அங்கே 'எவ்ரிஒன்' என்று ஏற்கெனவே இருக்கும். அதாவது, எல்லோரும்.

அதைத் தேர்வு செய்து 'ரிமூவ்' கொடுங்கள். பிறகு 'ஆட்' கொடுத்து, மேலே உருவாக்கிய யூசரின் பெயரை டைப் செய்து சேருங்கள். இப்போது உரிமை கொடுக்க வேண்டும்:

• 'ரீட்' என்றால் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். மாற்றவோ அழிக்கவோ முடியாது.
• 'சேஞ்ச்' என்றால் மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம், அழிக்கவும் செய்யலாம்.
• 'ஃபுல் கன்ட்ரோல்' என்றால் உரிமைகளையே மாற்றலாம். வீட்டில் இதற்குத் தேவையே இல்லை.

குடும்ப போட்டோக்கள், சினிமா, பாட்டு போன்றவற்றுக்கு 'ரீட்' போதும். பிள்ளைகள் ப்ராஜெக்ட் ஃபைல்களை மாற்றி மாற்றி எழுத வேண்டும் என்றால், அதற்கு மட்டும் தனி ஃபோல்டர் வைத்து 'சேஞ்ச்' கொடுங்கள். 'ரீட்' மட்டும் இருந்தால், நாளைக்கு அந்த லேப்டாப்பில் வைரஸ் வந்தாலும் நெட்வொர்க் வழியாக உங்கள் போட்டோக்களைப் பூட்ட முடியாது. இந்த ஒரு காரணமே போதும்.

அதே 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'செக்யூரிட்டி' என்று இன்னொரு பகுதி இருக்கும். அதிலும் உரிமைகள் உண்டு. 'ஷேரிங்' ஒன்று சொல்கிறது, 'செக்யூரிட்டி' இன்னொன்று சொல்கிறது என்றால், இரண்டில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆதார், பான், பத்திரம் போன்றவற்றை ஷேர் ஃபோல்டரில் போடாமல் இருப்பதே மேல். போட்டே ஆக வேண்டும் என்றால், ஆதாருக்கு கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இருந்து எடுத்து வையுங்கள்.

ஐந்தாவது படி: மற்ற கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி?

இரண்டாவது கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' திறந்து, 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுங்கள். முகவரி கேட்கும் இடத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு, முதல் கம்ப்யூட்டரின் பெயர், மறுபடி ஒரு கோடு, ஃபோல்டரின் ஷேர் பெயர் என்று டைப் செய்ய வேண்டும். பெயருக்குப் பதிலாக \\192.168.1.10 என்பது போல ஐபி முகவரியும் கொடுக்கலாம். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள் நெட்வொர்க்குகளுக்காகவே ஒதுக்கப்பட்டவை.

யூசர் பெயர், பாஸ்வேர்ட் கேட்கும். ஷேரிங்குக்காக உருவாக்கிய யூசரின் விவரத்தைக் கொடுங்கள். அவ்வளவுதான், இனி அந்த ஃபோல்டர் இங்கே ஒரு தனி டிரைவ் போலத் தெரியும். பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும்படி டிக் செய்தால் ஒவ்வொரு முறையும் கேட்காது. ஆனால், வெளியே எடுத்துச் செல்லும் லேப்டாப்பாக இருந்தால் அதற்கு லாகின் பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

மேக், லினக்ஸ், மொபைல் வைத்திருந்தால்?

மேக்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'ஷேரிங்' சென்று 'ஃபைல் ஷேரிங்' ஆன் செய்யுங்கள். ஃபோல்டரையும் யூசரையும் அங்கேயே சேர்க்கலாம். விண்டோஸில் இருந்து திறக்க வேண்டும் என்றால், 'ஆப்ஷன்ஸ்' பட்டனை அழுத்தி, விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற தலைப்பின் கீழ் அந்த யூசரை டிக் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது.

லினக்ஸ்: 'சாம்பா' நிறுவ வேண்டும். லினக்ஸ் லாகின் பாஸ்வேர்ட் வேறு, சாம்பா பாஸ்வேர்ட் வேறு என்பதை மறக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். 'கெஸ்ட்' அனுமதியை அணைத்து வையுங்கள்.

ஐபோன்: 'ஃபைல்ஸ்' ஆப்பில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'கனெக்ட் டு சர்வர்' வசதி கிடைக்கும். 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இது இருக்கிறது.

ஆண்ட்ராய்டு: சில போன்களின் 'மை ஃபைல்ஸ்' ஆப்பிலேயே 'நெட்வொர்க் ஸ்டோரேஜ்' இருக்கும். இல்லையென்றால் எஸ்எம்பி வசதியுள்ள ஃபைல் மேனேஜர் ஆப் தேவை. விளம்பரம் நிறைந்த, பெயர் தெரியாத ஆப்களில் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம்.

எப்போதாவது ஒருமுறை நாலு போட்டோ அனுப்புவதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 'குயிக் ஷேர்', 'ஏர்டிராப்', 'லோக்கல்சென்ட்' போன்றவையே போதும். தினமும் பயன்படுத்தும் ஃபைல்களுக்குத்தான் ஷேர் ஃபோல்டர்.

கனெக்ட் ஆகவில்லையா? இவற்றைப் பாருங்கள்

• இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் மற்றது கண்ணுக்கே தெரியாது.
• ஃபோல்டர் உள்ள கம்ப்யூட்டர் 'ஸ்லீப்' நிலைக்குப் போய்விட்டதா? தூங்கும் கம்ப்யூட்டர் ஃபைல் தராது.
• ஐபி முகவரி மாறிவிட்டதா? ரவுட்டர் செட்டிங்ஸில் அந்த கம்ப்யூட்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்கலாம்.
• 'ஹோம்குரூப்' வசதியைத் தேடுகிறீர்களா? அதை 2018-லேயே விண்டோஸ் 10-ல் இருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது.
• விண்டோஸ் 11-ஐ அப்டேட் செய்த பிறகு பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டியோ, ரவுட்டரில் செருகிய பென் டிரைவோ திறக்கவில்லையா? 2024 அக்டோபரில் வெளியான 24எச்2 பதிப்பின் 'ப்ரோ' வகையில், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் இணைப்பு முடக்கப்பட்டுள்ளது. அந்தச் சாதனத்தில் யூசரும் பாஸ்வேர்டும் வைப்பதுதான் சரியான தீர்வு.

கனெக்ட் ஆகவில்லை என்பதற்காக ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது, பழைய எஸ்எம்பி முதல் பதிப்பை ஆன் செய்வது இரண்டும் வேண்டாம். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவும்போது அந்த முதல் பதிப்பு முழுமையாக வருவதில்லை. பழைய கம்ப்யூட்டர் என்றால், 'கன்ட்ரோல் பேனல்' சென்று 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் 'எஸ்எம்பி 1.0' என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராத கம்ப்யூட்டர்களில் ஃபோல்டர் ஷேர் செய்வதைத் தவிர்ப்பது நல்லது.

வெளியூரில் இருந்து வீட்டு ஃபைல் வேண்டுமா? இந்தத் தவறைச் செய்யாதீர்கள்

'ஆபீஸில் இருந்தே வீட்டு ஃபைலை எடுக்கணும்' என்ற ஆசையில், ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இது வீட்டு பீரோவைத் தெருவில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். இணையத்தில் திறந்திருக்கும் வாசல்களைத் தேடுவதற்கென்றே தானியங்கி மென்பொருள்கள் 24 மணி நேரமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த கியூநாப் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளைக் குறிவைத்தது. ஆயிரக்கணக்கான சாதனங்கள் பூட்டப்பட்டன. ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பலர், குடும்ப போட்டோக்களை வீட்டில் சேமித்து வைத்திருந்த சாதாரண மக்கள். அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்து போலீசார், பணம் அனுப்புவது போல அனுப்பி, சாவியைப் பெற்றதும் பரிவர்த்தனையை ரத்து செய்து, 155 சாவிகளை மீட்டது தனிக்கதை.

வெளியில் இருந்து அணுகியே ஆக வேண்டும் என்றால், ரவுட்டரில் விபிஎன் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், தேவையான ஃபைலை மட்டும் இரண்டடுக்குப் பாதுகாப்பு உள்ள கிளவுட் அக்கவுண்டில் போட்டு வைப்பது எளிது.

ஷேர் ஃபோல்டர், பேக்கப் அல்ல

'எல்லா போட்டோவும் டெஸ்க்டாப்புல ஷேர் ஃபோல்டர்ல இருக்கு, அதனால பத்திரமா இருக்கு' என்று நினைப்பது தவறு. ஒரு லேப்டாப்பில் ரான்சம்வேர் நுழைந்தால், அதில் டிரைவாக இணைக்கப்பட்டிருக்கும் ஷேர் ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டிவிடும். ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் அதே கதிதான்.

இதற்கு '3-2-1' என்ற எளிய விதி இருக்கிறது. முக்கியமான ஃபைல் 3 பிரதிகளாக இருக்க வேண்டும். 2 விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உதாரணமாக, கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கக் கூடாது. பேக்கப் முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ஹேக்கராலும் தொட முடியாது. வெள்ளம் வரும் பகுதியில் வசிப்பவர்களுக்கு அந்த வெளிப் பிரதி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

• முதலில் அந்த கம்ப்யூட்டரின் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பரவாமல் தடுப்பதுதான் முதல் வேலை.
• வெளி ஹார்ட் டிஸ்க்கை அவசரப்பட்டு அதில் செருகாதீர்கள். பேக்கப்பும் பூட்டப்பட்டுவிடும்.
• திரையில் உள்ள செய்தியை போன் மூலம் படம் எடுத்து வையுங்கள்.
• பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் ஃபைல் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.
• தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.
• யூரோபோல், நெதர்லாந்து போலீசார் உள்ளிட்டோர் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவசத் திறப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. உங்களுடையதற்கு இருக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து பாருங்கள்.

சுருக்கமாக, 10 நிமிட செக் லிஸ்ட்

1. வைஃபை பாஸ்வேர்ட் செல்போன் எண்ணா? மாற்றுங்கள்.
2. ரவுட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
3. வீட்டு வைஃபை மட்டும் 'பிரைவேட்', மற்றதெல்லாம் 'பப்ளிக்'.
4. 'பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்' ஆன்.
5. ஷேரிங்குக்குத் தனி யூசர், வலுவான பாஸ்வேர்ட்.
6. தனி ஃபோல்டர் மட்டும் ஷேர், 'எவ்ரிஒன்' நீக்கம்.
7. முடிந்தவரை 'ரீட்' மட்டும்.
8. எஸ்எம்பி முதல் பதிப்பு ஆஃப், அப்டேட்கள் ஆன்.
9. ரவுட்டரில் 445 இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது.
10. கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பேக்கப்.

இதில் முதல் இரண்டும் இப்போதே போனில் இருந்தே செய்யக்கூடியவை. மீதியை இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முடித்துவிடலாம். வீட்டில் யாருக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்ட் தெரியும் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிட அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், வேலையை ஞாயிறு வரை தள்ளிப்போட வேண்டாம்.